பூமிக்கு அடியில் ஒரு மரத்துண்டு

ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று செங்கல்பட்டைச் சுற்றிக் கண்ட இடமெல்லாம் பள்ளம் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். பொங்கல் முடிந்த வாரம். அன்றைக்கு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும்.

செங்கல்பட்டில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே உரக்கடை, மேலே நாங்கள். என்ன வேலை என்று என் அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை. "எங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல கல்லு பொறுக்குது" என்று படாளத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் தப்பில்லை.

ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடுகிற ஒரு கம்பெனி. அங்கே பாலைவனத்தில் துளை போடுவார்கள், நம் ஊரில் போர் போடுவதைப் போலத்தான். மீட்டருக்கு மீட்டர் வெளியே வரும் கல் தூளைப் பார்த்து, இது என்ன பாறை, என்ன நிறம், இதில் எவ்வளவு தங்கம் என்று எழுதி வைப்பார்கள். பல வருடத்துத் துளைகள், பல பேருடைய கையெழுத்து. அதையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை எங்களுடையது. ஏற்றி முடித்தால் பூமிக்கு அடியில் இருப்பது அப்படியே திரையில் தெரியும். துளைகள் எல்லாம் தலைகீழாகக் குத்தி வைத்த ஊதுபத்திகள் மாதிரி தொங்கும். மவுஸைப் பிடித்து இழுத்தால் மொத்த பூமியும் நம் இஷ்டத்துக்குச் சுற்றும். எனக்கு அது அலுக்கவே அலுக்காது.

எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்தவள் நான். கரும்பு வெட்டப் போன குடும்பத்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். காடு மேடெல்லாம் சுத்தியலோடு சுற்றப் போகிறோம் என்ற கனவோடுதான் படித்தேன். வேலை தேடிப் போன இடத்திலெல்லாம், பொம்பளைப் பிள்ளைகளைக் கேம்ப்புக்கு அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுத்தியல் கிடைக்கவில்லை, கீபோர்டு கிடைத்தது. அந்தக் கோபம் எனக்கு நிறைய நாள் இருந்தது.

எங்கள் மேனேஜர் திருக்கழுக்குன்றத்துக்காரர். கோயில் பணி செய்கிற குடும்பம். நெற்றியில் விபூதி கலையாது, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான்: பார்த்தது பார்த்தபடி அடிக்க வேண்டும். தாளில் எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு அடி. அர்த்தமே இல்லாமல் இருந்தாலும் அப்படியே அடி. திருத்தாதே, யோசிக்காதே, அபிப்பிராயம் சொல்லாதே. கம்பெனிக்காரர்களோடு பேசுவதென்றால் அவர் மூலமாக ஈமெயில் மட்டும்தான் போகும். அவரை நான் பின்னால் "ஜெராக்ஸ் மிஷின்" என்று கேலி செய்வேன். முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, "அந்த மிஷின் பொய் சொல்லாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தச் சட்டத்தால் ஒரு முறை எங்கள் ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. பழைய துளை ஒன்றின் விவரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். பாறை, பாறை, பாறை என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் குறிப்புப் பகுதியில் 'மரம்' என்று ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை. கீழே மறுபடி பாறை. பாறைக்கு நடுவில் மரம் எங்கிருந்து வரும்? எழுதியவர், துளை போடுகிற இடத்திலேயே தங்கி, தினமும் எங்களுக்குத் தகவல் அனுப்புகிற சைட் ஜியாலஜிஸ்ட்தான். எப்போதாவது அவராகப் போன் செய்தால் "வணக்கம், சாப்டாச்சா" என்று கேட்கிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்ட நல்ல மனிதர். வெயில் தாங்காமல் ஏதோ எழுதிவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். எடுத்துவிடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தபடி அடி என்றார். அடித்தேன்.

அது நடந்து சில மாதம் கழித்து அந்தப் பெரிய வேலை வந்தது. அந்த இடத்தில் ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு சுரங்கம் இருந்திருக்கிறது. தங்கக் கல்லை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே வெற்றுக் குடைவுகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே பார்த்தால் வெறும் செம்மண் தரை. இந்தக் குடைவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பழைய வரைபடங்களைப் பார்த்து நாங்கள் வரைந்து, துளைகளோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் புதுத் துளை போடும்போது ஆபத்தான இடத்தைத் தவிர்க்க முடியும்.

இதில் ஒரு சிக்கல். அந்தப் பழைய சுரங்கத்துக்காரர்கள் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு வடக்கு வைத்திருந்தார்கள். தங்கம் ஓடிய திசை எதுவோ அதுதான் அவர்களுக்கு வடக்கு. எங்கள் தெருவில்கூட ஒரு வீட்டைத் தெற்கு வீடு என்போம், திசைகாட்டி வைத்துப் பார்த்தால் அது தெற்கே இருக்காது. அது போலத்தான். ஆகவே பழைய வரைபடத்தை நிஜ வடக்குக்கு ஏற்றபடி இத்தனை டிகிரி திருப்பிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கும் பெர்த் நகரத்திலிருந்து ஒரு எண் வந்திருந்தது. திருப்பினோம். வேலை முடியும் தறுவாயில் இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் பொழுது ஓடும். அதனால் எங்கள் ஆபீஸ் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். சுவரில் நம் கடிகாரம் ஒன்று, பெர்த் கடிகாரம் ஒன்று. போனதும் அன்றைய ஈமெயிலைப் பார்த்தேன். இப்போது போடுகிற துளை மதியத்துக்குள் முடிந்துவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு ரிக்கைப் புது இடத்துக்கு நகர்த்துகிறோம் என்று சைட் ஜியாலஜிஸ்ட் எழுதியிருந்தார். ரிக் என்றால் துளை போடும் வண்டி. நம் ஊர் போர் வண்டி அதற்குப் பக்கத்தில் குழந்தை. அத்தனை பாரம்.

புது இடத்தைத் திரையில் ஏற்றினேன். குடைவுகளும் இருந்தன, பழைய துளைகளும் இருந்தன. எல்லாம் முடிந்த சந்தோஷத்தில் சும்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டாகக் குறிப்புகளையும் திரையில் தெரியும்படி போட்டேன். துளைகளின் ஓரமெல்லாம் குட்டி எழுத்துகள் முளைத்தன. நம்முடைய 'மரம்' எங்கே என்று தேடினேன். குடைவுகளை விட்டு எங்கேயோ தள்ளி, தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அடுத்த நிமிடம் மவுஸை நிறுத்திவிட்டு அந்த வார்த்தையை மறுபடி படித்தேன். சுரங்கத்துக்குள் மேல்பாறை இடிந்து விழாமலிருக்கக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று காலேஜில் படித்திருக்கிறேன். பூமிக்கு அடியில் மரம் இருக்கிறதென்றால் அது அந்த முட்டுக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் அந்தத் துளை குடைவுக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் திரையில் குடைவு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். இரண்டில் ஒன்று இடம் மாறியிருக்கிறது. துளையின் இடம் இந்தக் கம்பெனிக்காரர்களே நிஜ வடக்கை வைத்து அளந்து குறித்தது, அதில் தப்பு வராது. நாங்கள் திருப்பி வைத்தது குடைவைத்தான், தப்பு அதில்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் பாடத்தில் கோணம் ஒரு பக்கமாகச் சுற்றும், திசைகாட்டியில் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு என்றே பிறந்த வம்பு இது. அந்த எண் பல கை மாறி வந்ததில் எங்கேயோ பக்கம் மாறிவிட்டது என்று தோன்றியது. அதே எண்ணை எதிர்ப்பக்கமாகப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். கதவு திறப்பதைப் போல மொத்தக் குடைவும் சுழன்று மறுபக்கம் வந்து நின்றது. மரம் அதன் நடுவயிற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓவென்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன். பிறகுதான் கண் அடுத்த இடத்துக்குப் போனது. மதியம் ரிக் வந்து நிற்கப்போகிற அந்தப் புது இடம், சுழன்று வந்த குடைவின் உச்சிக்கு நேர் மேலே இருந்தது. நடுவில் மெல்லிய கூரை போலக் கொஞ்சம் பாறைதான் மிச்சம். அத்தனை பாரமும் அதன் மேல் ஏறினால் என்ன ஆகும்? வண்டியோடு ஆட்களும் உள்ளே போய்விடுவார்கள். "சாப்டாச்சா" என்று கேட்கிற அந்த மனிதரும் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

மேனேஜரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். அவர் உட்கார்ந்து மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பொறுமையே இல்லை.

"யோசிக்கிறது அவங்க வேலைம்மா. நம்ம வேலை இல்ல" என்றார். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"சார், அவங்க யோசிக்கிறதுக்குள்ள வண்டி மேல ஏறிடும் சார். மரம் பொய் சொல்லுமா? நீங்கதானே பார்த்தபடி அடின்னு சொன்னீங்க?"

அவர் இன்னொரு முறை திரையைப் பார்த்தார். பிறகு பெர்த் கடிகாரத்தைப் பார்த்தார். சரி, ஈமெயில் போடு என்றார்.

ஈமெயில் போகவில்லை. இன்டர்நெட் இல்லை. போனை எடுத்தால் எஸ்.டி.டி. போகவில்லை. ஓடிப்போய்த் தெருவில் இருந்த பூத்தில் கேட்டால், ரோடு வேலைக்காரர்கள் பொக்லைனால் கேபிளை அறுத்துவிட்டார்கள், ஊருக்குள்ளே மட்டும்தான் பேசலாம் என்றார்கள். அடுத்த பூத்திலும் அதே கதை. உரக்கடைக்காரரிடம் செல்போன் இருந்தது. வெளிநாட்டுக்கு அதில் பேச வராது என்று கையை விரித்துவிட்டார். மனித உயிர் போகப் போகிறது என்று எனக்குத் தெரிகிறது, சொல்ல வழியில்லை.

அப்போதுதான் எங்கள் ஜெராக்ஸ் மிஷின் யோசித்தார். மகாபலிபுரத்துக்கு லைன் கடற்கரைச் சாலை வழியாக வருகிறது, இந்தக் கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, அங்கே வெள்ளைக்காரர்கள் வருகிற சீசன், ஐ.எஸ்.டி. கட்டாயம் இருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார். "ஏறும்மா" என்றார்.

ஏறினேன். பாவம் அவர், வாழ்க்கையில் மனைவியைத் தவிர வேறு பெண்ணைப் பின்னால் ஏற்றியிருக்க மாட்டார். நானும் அந்நிய ஆணின் வண்டியில் உட்கார்ந்ததில்லை. அந்த ஸ்கூட்டரும் இத்தனை வேகத்தைப் பார்த்ததில்லை. அது போட்ட சத்தத்தில் ரோட்டோரத்து மாடெல்லாம் தானாக ஒதுங்கியது. அறுவடை நேரம் என்பதால் வழியில் கதிர்களை ரோட்டிலேயே பரப்பிப் போட்டிருந்தார்கள். வைக்கோல் மேல் ஏறியதும் வண்டி வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனது. இரண்டு பேரும் வயலுக்குள் விழ வேண்டியது, எப்படியோ காலை ஊன்றி நிமிர்த்தினார். முன்னால் அவர் சிவசிவா என்கிறார், பின்னால் நான் ஏசுவே என்கிறேன். யார் காப்பாற்றினார்களோ, வண்டி விழவில்லை.

திருக்கழுக்குன்றத்துக்குள் நுழைந்தோமா, அங்கேதான் கூத்து. அவருடைய சொந்த ஊர். பூக்கடையில் நின்றிருந்த அவருடைய மாமா ஒருவர், பின்னால் ஒரு பெண் கூந்தல் அவிழ உட்கார்ந்திருக்க, இவர் புயலாகப் போவதைப் பார்த்துக் கையில் பிடித்த மாலையோடு அப்படியே நின்றுவிட்டார். இவர் நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் அடித்தார். அன்று சாயங்காலம் தெருவே அவர் வீட்டில் வந்து விசாரித்ததாம். அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு பூத்தைப் பார்த்துக் குதித்து இறங்கினேன். லைன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஐ.எஸ்.டி. இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் லுங்கி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் சாவகாசமாகச் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். பூத்துக்காரர் குப்பத்து ஆள், கட்டையான உருவம், காதில் பென்சில்.

"அவரு அவங்க அம்மாவோட பேசிகினு கீறாருமா. டெய்லி வர்ற கஸ்டமரு. இன்னா அவசரம், குந்து" என்றார்.

குந்துவதா? நான் கூண்டின் கதவைத் திறந்துவிட்டேன். என் அரைகுறை ஆங்கிலத்தில், ஆட்கள் சாகப்போகிறார்கள், ஒரே ஒரு கால் பேச வேண்டும் என்றேன். அந்த மனிதருக்கு நான் யார், யார் சாகிறார்கள், ஒன்றும் தெரியாது. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அம்மாவிடம் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார், ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த நாட்டுக்காரர் என்றுகூட நான் கேட்கவில்லை.

பெர்த் ஆபீசில் போனை எடுத்தது வரவேற்பில் இருக்கும் அம்மாள். பெரிய அதிகாரிகள் எல்லாம் மீட்டிங்கில் இருக்கிறார்கள், யார் பேசுவது, எந்த ஊர் என்று கேட்டார். செங்கல்பட்டு என்றால் அவருக்கு என்ன தெரியும்? நான் ரிக், குடைவு, கோணம், வடக்கு என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈமெயிலில் அனுப்பினால் மீட்டிங் முடிந்ததும் காட்டுகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "கணக்கு வேணாம்மா. மரத்தைச் சொல்லு."

அந்த மனிதர் அன்றைக்குச் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அதுதான். நான் மூச்சை இழுத்துவிட்டு, சைட்டில் இருப்பவரிடம் ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள் என்றேன். "உங்கள் மரம் குடைவுக்குள் இருக்கிறது. அந்தக் குடைவு ரிக் நிற்கப்போகிற இடத்துக்கு அடியில் இருக்கிறது. ரிக்கை நகர்த்தாதீர்கள்." திருப்பிச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, சைட்டின் சாட்டிலைட் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது டார்லிங், யாரையும் கேட்காமல் நானே கூப்பிடுகிறேன், உன் நம்பரைக் கொடு என்றார். வாழ்க்கையில் என்னை முதன்முதலாக டார்லிங் என்று கூப்பிட்டது அந்த அம்மாள்தான். பூத்தின் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தோமே, அதுதான் கொடுமை. நம் கணக்குப்படி அங்கே சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. சாட்டிலைட் போனை யாராவது எடுத்தார்களா? வண்டிச் சத்தத்தில் மணி கேட்குமா? இன்னொரு பயமும் உள்ளே குடைந்தது. ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருந்தால்? அங்கே ஒரு நாள் வேலையை நிறுத்திய குற்றத்துக்கு எனக்கு வேலை போகும், என் பேச்சைக் கேட்ட பாவத்துக்கு மேனேஜருக்கும் போகும். அவருக்கு மகள் பத்தாவது படிக்கிறாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ தெருக்கோடியில் தெரிந்த கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். காலையில் இட்ட விபூதி வியர்வையில் வழிந்து புருவம் வரை வந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பூத்துக்காரருக்கு நான் பேசியது முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஐ.எஸ்.டி. பேச வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே மறித்தார். சிற்பக் கடை நடத்துகிற ஒருவர் வந்து, அவசரம், ஆர்டர் விஷயம் என்று சண்டைக்கே நின்றார்.

"உசுரு மேட்டருப்பா. போன் வரணும், லைன் காலியா இர்க்கணும். நீ அப்பால வா" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். எங்களுக்கு ஸ்டூல் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். லுங்கி கட்டிய வெள்ளைக்காரர் போகவேயில்லை. வாசலில் உட்கார்ந்து அவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும், எங்களை முன்பின் தெரியாத இரண்டு பேரும் ஒரு டெலிபோன் அடிக்க வேண்டுமே என்று தவம் கிடந்தோம்.

அடித்தது. நான் பாய்ந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. கரகரவென்று இரைச்சல். பிறகு, ரொம்ப தூரத்திலிருந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு, அந்தக் குரல்.

"வணக்கம். ரிக் நின்றுவிட்டது."

வண்டி கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டதாம். சாட்டிலைட் போனில் 'உங்கள் மரம்' என்று கேட்ட மாத்திரத்தில் இவர் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார். நான் அவசர அவசரமாகக் கணக்கை விளக்கப் போனேன். வேண்டாம் என்றார். அந்தத் துளையிலிருந்து மரத்தூள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதை எழுதியதற்காக அங்கேயும் எல்லோரும் வருடக்கணக்கில் அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவருக்கே அது நிஜமா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். நான், "சாப்டாச்சா?" என்று கேட்டேன்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். வண்டி நின்றுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதற்குள் பூத்துக்காரர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக்காரர் விசில் அடித்தார். மேனேஜர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஈமெயிலில் ஒரு போட்டோ வந்தது. ஆட்களையெல்லாம் தூரத்தில் நிறுத்திவிட்டு, நீளக் கை உள்ள ஒரு எந்திரத்தால் அந்த இடத்தை எட்டி நின்று குத்திப் பார்த்திருக்கிறார்கள். தரை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. போட்டோவில் செம்மண் தரை நடுவே கருப்பாக ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் பழைய முட்டுக்கட்டைகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஆபீசில் எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி நின்று பார்த்தோம். மேனேஜர்தான் அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்து, பெர்த் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினார். மறுநாள் முதல் அவர் சட்டத்தில் இன்னொரு வரி சேர்ந்துகொண்டது. பார்த்தபடி அடி, உறுத்தினால் உடனே சொல்.

அடுத்த வருடம் அந்த ஜியாலஜிஸ்ட் இந்தியாவுக்கு வந்தார். நாங்கள் நினைத்ததைவிட வயதானவர், நரைத்த தாடி. மகாபலிபுரம் போகலாம் என்றதும், கோயிலெல்லாம் அப்புறம், முதலில் அந்த டெலிபோனைக் காட்டுங்கள் என்றார். பூத்துக்குக் கூட்டிப்போனோம். கூண்டுக்குள் போய் அந்த ரிசீவரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு விரல் நீளக் கட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் குடைவிலிருந்து எடுத்தது. கருத்து, லேசாக, காய்ந்த சுக்கு மாதிரி இருந்தது.

பூத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்காமா அன்னிக்கி அந்த ஆட்டம் ஆடின?" என்றார். பிறகு அந்த நரைத்த தாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார், அவருக்காகத்தான் என்று புரிந்துவிட்டது. தன் ஸ்டூலை எடுத்து அவருக்குப் போட்டார்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு ஆபீசில் இருக்கிறேன். சுத்தியல் எடுத்துக்கொண்டு காட்டில் சுற்றும் வாழ்க்கை எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. முன்பு அதை நினைத்து எத்தனையோ நாள் பொருமியிருக்கிறேன், இப்போது பொருமுவதில்லை. என் கீழே வேலைக்குச் சேரும் பிள்ளைகள், திரையில் பார்க்கிற எண்களை வெறும் எண்களாக நினைத்துக் கொட்டாவி விடும்போது, மேஜை டிராயரைத் திறந்து அந்தக் கட்டையைக் கையில் கொடுப்பேன். நாம் ஒரு நாளும் கால் வைக்கப் போகாத அந்த மண்ணின் மேல் யாரோ ஒருவர் நம்மை நம்பி நின்றுகொண்டிருக்கிறார் என்பதை, விரல் நீள மரத்துண்டு ஒன்று இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.